மூலையில் இருந்த பிள்ளைகள்: திருகோணமலையில் ஒரு சிறுவர் கூத்துப் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பயிற்சி தொடங்கி ஆறாவது கிழமை. கிண்ணியாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பத்து வயதுப் பிள்ளை இரண்டு சனிக்கிழமைகளாக வரவில்லை. விசாரிக்க வீட்டுக்குப் போன என்னிடம் அவளுடைய தந்தை கோபப்படாமல், பிளேன்டீ கொடுத்து இருத்திவைத்துவிட்டுச் சொன்னார்: "இரண்டு பஸ் ஏறி வருகிறாள், ரீச்சர். வந்து ஒரு மூலையில் இருந்துவிட்டுத் திரும்புகிறாள். மூலை எங்கள் வீட்டிலும் இருக்கிறது."

அன்றிரவு வரவுப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் பெயராகப் பார்த்தேன். 36 பிள்ளைகளோடு தொடங்கிய பயிற்சியில் 22 பேர் மிஞ்சியிருந்தார்கள். நின்றுபோன 14 பேரில் 11 பேர் சின்ன வேடக்காரர்கள்: சேவகர், ஊர்ச்சனம், பாட்டுக் கூட்டத்தின் பின்வரிசை. அதுவரை வெயில், பஸ், ரியூசன் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெயிலும் பஸ்ஸும் எல்லாருக்கும் ஒன்றுதான். இராவணனாக ஆடிய பிள்ளை ஒரு நாள்கூடத் தவறவில்லை.

எங்கே பிழைத்தோம், எதை மாற்றினோம், மாற்றியதில் எது சரிவந்தது, எது இன்னும் சரிவரவில்லை என்பதைப் பிள்ளைகளோடு அரங்க வேலை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

தொடங்கிய விதம்

மாரி இறங்கினால் திறந்தவெளியில் எதுவும் செய்ய முடியாது. அதனால் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் முதற்பகுதியில் அரங்கேற்றுவது என்று, கச்சான் காற்று வீசும் மாதங்களைத் தேர்ந்தோம். சனிக்கிழமை பின்னேரம் இரண்டரை மணியிலிருந்து ஐந்தரை வரை, உட்துறைமுகப் பக்கத்தில் ஒரு மண்டபம். வயது ஒன்பது முதல் பதின்மூன்று. பாதிப் பேர் நகரத்துப் பிள்ளைகள், மற்றவர்கள் உப்புவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை துறையில் ‘பாதை’ என்னும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து கடந்தவர்கள் அந்தப் பெற்றோர். 396 மீற்றர் பாலம் வந்ததோடு தூரம் முடிந்துவிட்டது என்று நகரத்தில் இருக்கும் நாங்கள் நினைக்கிறோம். ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கும், அவளைக் கூட்டிவந்து மூன்று மணித்தியாலம் வெளியே காத்திருக்கும் உம்மம்மாவுக்கும் அது இன்னமும் அரை நாள்.

பெரியவர்கள் நால்வர். நான் நாடகமும் அரங்கியலும் கற்பிப்பவள். என்னோடு ஒரு சங்கீத ஆசிரியை, நாடகம் படித்து முடித்து வந்த ஓர் இளம் உதவியாளர், கொட்டியாரப் பக்கத்திலிருந்து வந்த, எழுபதைத் தாண்டிய, கூத்துப் பழக்கும் ஆசானான ஓர் அண்ணாவியார்.

எடுத்துக்கொண்ட கதை கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் கதை. திருகோணமலைப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கோணேசரை வணங்கும் தாய்க்காக மலையையே பெயர்த்துப் போக வந்த இராவணன், வாளால் பிளந்த பாறை, தாய் இறந்த செய்தி, ஈமக்கடனுக்காக நிலத்தில் ஏழு இடங்களில் குத்த வெந்நீர் பீறிட்டது என்ற ஐதீகம் எல்லாம் அவர்கள் காதில் விழுந்தே வளர்ந்தவை. ‘இராவணன் வெட்டு’ என்னும் அந்தப் பாறைப் பிளவை எட்டிப் பார்க்காத பிள்ளையும், ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு எது கூடச் சுடுகிறது என்று சண்டை பிடிக்காத பிள்ளையும் இந்த நகரத்தில் குறைவு.

ஏன் கூத்து என்று சிலர் கேட்டார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு, விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்கு ஏற்றபடி சுருக்கினார். 1978இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் காலத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்கள் சிறுவர் அரங்கைத் தனித் துறையாக வளர்த்தார்கள். இந்த இரண்டு வழிகளிலும் வந்த அறிவு எங்களிடம் இருக்கிறது. ஆனால் ஒரு சராசரிப் பாடசாலைப் பிள்ளை கூத்தைச் சந்திக்கும் இடம் தமிழ்மொழித் தினப் போட்டிதான். போட்டி பிள்ளைக்கு மேடைத் துணிச்சல் தருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போட்டிக்குப் பழகிய பிள்ளையை எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். பக்கத்தில் நிற்பவரோடு பேச வேண்டிய வசனத்தையும் நடுவர் மேசையைப் பார்த்தே பேசுவாள். அவளுக்குக் கூட ஆடுகிறவர் என்று ஒருவர் இல்லை. இதை மாற்றும் ஆசையோடுதான் தொடங்கினோம்.

தொடங்கி, போட்டிக்குப் பழக்குவதைப் போலவே பழக்கினோம்.

கூத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானித்துச் சபையின் முன் ஏட்டைக் கையில் கொடுக்கும் சட்டம் கொடுத்தல். பிறகு மாதக்கணக்கில் பழகுதல், சதங்கை அணிதல், கிழமைதோறும் ஆடிப் பார்க்கும் கிழமைக் கூத்து, முழுக் கூத்தையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம். அரங்கேற்றத்துக்குப் பின் வீடு வீடாகப் போய் ஆடுதல். நாங்கள் மூன்றாம் கிழமையே வெற்றிலை வைத்து, விளக்கேற்றி, சட்டம் கொடுத்தோம். பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. அந்தப் படங்களை இப்போது பார்க்கும்போது, ஓரத்தில் நின்ற ஏழெட்டு முகங்கள் மலரவில்லை என்பது தெரிகிறது. அன்று என் கண்ணில் அது படவில்லை.

சட்டம் கொடுத்ததும் நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் காட்சிகளைப் பிரித்தோம். இராவணனும் தாயும் மண்டபத்தில் என்னோடு. பாட்டுக் கூட்டம் விறாந்தையில் சங்கீத ஆசிரியையோடு. கிணறுகள் பின்கட்டில் உதவியாளரோடு. சேவகர்களுக்கும் ஊர்ச்சனத்துக்கும் மொத்தம் பத்து நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் சுவரோரம்.

அண்ணாவியார் கேட்டது

அண்ணாவியார் கண் சத்திரசிகிச்சைக்காக ஒரு மாதம் வர முடியாமல் போயிருந்தது. கிண்ணியாவிலிருந்து நான் திரும்பிய அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். பதில் சொல்லவில்லை. மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு, இராவணனாக ஆடிய பிள்ளையைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். அழகாகப் பாடினாள். "நல்லது. இனி உன் தாய் பாடுகிற தருவைப் பாடு." தரு என்றால் கூத்துப் பாட்டு. அவளுக்குத் தெரியவில்லை. தாயாக ஆடிய பிள்ளையிடம் கிணறுகளின் ஆட்டத்தைக் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. கிணறுகளில் ஒருவனிடம், "நீ எதற்காகப் பீறிட்டு வருகிறாய்?" என்றார். அவன் உதவியாளரின் முகத்தைப் பார்த்தான்.

"ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்திருக்கிறீர்கள், பிள்ளை" என்றார். "எங்கள் ஊரில் சேவகன் வேடம் கட்டினவனுக்கும் முழு ஏடும் பாடமாக இருக்கும். அரசன் காய்ச்சலில் படுத்தால் அவன் ஆடுவான்."

இங்கேதான் எங்கள் பிழையின் வேர் இருந்தது. ஊரில் சட்டம் கொடுப்பது முதல் நாளில்தான். ஆனால் அதற்குப் பிறகு வருகிற மாதங்களில், வேடம் உள்ளவனும் இல்லாதவனும் ஒரே களரியை, அதாவது ஆடுகளத்தை, சுற்றி இருக்கிறார்கள். ஒருவன் பாடினால் சபையோர் பிற்பாட்டாக அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். வாயில்லாதவன் என்று அங்கே ஒருவனும் இல்லை. கேட்டுக் கேட்டே முழுக் கூத்தும் எல்லாருடைய உடம்பிலும் ஏறுகிறது. சின்ன வேடம் அங்கே சின்ன வேடமாக இருப்பதில்லை, ஏனென்றால் அதை ஆடுகிறவனிடம் முழுக் கதையும் இருக்கிறது. நாங்கள் சட்டம் கொடுக்கும் சடங்கை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்த சபையை விட்டுவிட்டோம்.

அன்றிலிருந்து அறைகளை மூடினோம். எல்லாரும் ஒரே வட்டம். தொடக்கத்தில் இருபது நிமிடம் எல்லாருக்கும் தாளக்கட்டு, வாயால் சொல்லி, கையால் தட்டி, பிறகு காலில். எல்லாத் தருவையும் எல்லாரும் பழகினார்கள். காட்சி வட்டத்தின் நடுவில் நடக்கும், சுற்றி நிற்பவர்கள் பிற்பாட்டுப் பாடுவார்கள், அன்றைக்கு யார் நடுவே வர விரும்புகிறார்களோ அவர்கள் வேடத்தை எடுப்பார்கள். இறுதி வேடங்களை அரங்கேற்றத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்புவரை தீர்மானிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அண்ணாவியாரின் மரபை மீறினோம். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் விட்டுக்கொடுத்தார்.

இதற்கு விலை உண்டு. முன்பு ஒரு சனிக்கிழமையில் முடித்ததற்கு இப்போது மூன்று சனிக்கிழமை பிடித்தது. ஒன்பது வயதுப் பிள்ளையால் ஒரே வேலையில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. இருந்து பாடுவதையும் எழுந்து ஆடுவதையும் மாற்றி மாற்றி வைக்காவிட்டால் வட்டம் கலைந்துவிடும். இன்னொன்றும் கண்டுபிடித்தோம். பாதிப் பிள்ளைகள் காலை ரியூசன் முடிந்து, மத்தியானச் சாப்பாடு இல்லாமல் நேரே வந்துகொண்டிருந்தார்கள். முடிவில் கொடுத்த அவித்த கச்சானையும் பணிஸையும் தொடக்கத்துக்கு மாற்றியதும், ‘குழப்படி’ என்று நாங்கள் பெயர் வைத்திருந்ததில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. அது பசி.

நின்றுபோன 14 வீடுகளுக்கும் போனோம். ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை.

தரையும் சுருதியும்

மண்டபத்துத் தரை சீமெந்து. கூத்து ஆட்டமோ குதித்து மிதிக்கும் ஆட்டம், மண் களரிக்கென்று உருவானது. நான்காம் கிழமையிலிருந்தே மூன்று பிள்ளைகள் குதிகால் நோகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழகினால் சரியாகிவிடும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அது தவறான பேச்சு. இந்த வயதில் குதிகால் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நோவு என்று பிள்ளை சொன்னால் ஆட்டத்தை நிறுத்தித் தரையைப் பார்க்க வேண்டும். முற்றத்து வேம்பின் கீழ் கல் பொறுக்கி, மணல் பரப்பி, அங்கே மாறினோம். கச்சான் காற்றில் புழுதி பறந்தது, தண்ணீர் தெளித்து ஆடினோம். குதிகால் நோவு இரண்டு கிழமையில் நின்றது.

முற்றத்துக்கு மாறியதில் எதிர்பாராத விருந்தாளிகளும் வந்தார்கள். திருகோணமலை நகரத்தில் மான்கள் தெருவில் திரிவது வெளியூராருக்குப் புதினமாக இருக்கும், எங்களுக்கு வழக்கம். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் வெளியேயும் அவை நடமாடும். பணிஸ் சுற்றிய கடதாசிக்காக இரண்டு மூன்று புள்ளிமான்கள் வேலிப்பக்கம் வந்து நிற்கத் தொடங்கின. பிள்ளைகள் கடதாசியைப் பொறுக்கி ஒளித்தார்கள், பிறகு மானின் நடையைப் பழகினார்கள். கழுத்து முதலில் திரும்புகிறது, உடம்பு பிறகு வருகிறது என்று ஒரு சிறுவன் கண்டுபிடித்துச் சொன்னான். அரங்கப் பயிற்சி நூல்களில் பல பக்கங்களில் சொல்லப்படுவதை அவன் வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்துக் கற்றுக்கொண்டான்.

சுருதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. அண்ணாவியார் பாடுவது இரண்டு கட்டையில். பிள்ளைகள் அவரைப் பின்பற்றித் தாழப் பாட முயன்று, குரல் எட்டாமல், தொண்டையை இறுக்கிக் கத்தினார்கள். கூத்து என்றால் இப்படித்தான் கத்த வேண்டும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். சங்கீத ஆசிரியை சுருதிப்பெட்டியை ஐந்து கட்டைக்கு உயர்த்தியதும் குரல்கள் திறந்துகொண்டன. ஆனால் அண்ணாவியாரால் அங்கே பாட முடியவில்லை. ஐம்பது வருடமாகத் தானே பாடிக் கற்பித்தவர் அவர். ஒரு கிழமை முகம் வாடியிருந்தார். தாளக்கட்டையும் மத்தளத்தையும் அவர் வைத்துக்கொள்வது, தருவைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி எடுத்துக் கொடுப்பது என்று அவரே முடிவு செய்தார். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு மகரக்கட்டு தொடங்கியிருந்தது. குரல் உடைந்ததும் வெட்கத்தில் பின்னால் போய் நின்றுகொண்டான். அவனைப் பாடவைத்து வருத்தாமல் கட்டியகாரனாக்கினோம். பேச்சும் கம்பீரமும் உள்ள வேடம், உடைந்த குரல் அதற்குப் பொருந்தியது.

பாதுகாப்பு விடயங்களில் நாங்கள் முதல் நாளிலிருந்தே இறுக்கமாக இருந்தோம். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனித்து இருப்பதில்லை. உடை மாற்றும் இடம் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி, வாசலில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். யார் கூட்டிப் போகலாம் என்று வீட்டார் எழுதித் தந்த பெயர் தவிர வேறு எவரிடமும் பிள்ளையை அனுப்புவதில்லை. படங்களைப் பெற்றோரின் சம்மதமின்றி வட்ஸ்அப்பில்கூடப் பகிர்வதில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தோம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

அழுகை

இத்தனை கவனத்தோடும் ஒரு நாள் ஒரு பிள்ளையைக் காயப்படுத்தினோம். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமான பகுதி இது.

தாய் இறந்த செய்தி வரும் காட்சி. எட்டாவது கிழமை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பாடினார்கள். உதவியாளர் படித்த பயிற்சி ஒன்றைச் செய்ய விரும்பினார், நான் அனுமதித்தேன். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, தங்களை விட்டுப் போன ஒருவரை நினைக்கும்படி கேட்டார்.

இந்தப் பிள்ளைகள் போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்தவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் பார்க்காதவர்கள். ஆனால் அவர்களின் வீட்டுச் சுவர்களில் மாலையிட்ட படங்கள் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர்கள் சில நாட்களில் பேசாமல் இருப்பதை அவர்கள் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். சிலரின் தாய்மார் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள். திருகோணமலையில் ஒரு வட்டம் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி அப்படி ஒரு கேள்வி கேட்பதற்கு முன் நாங்கள் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும்.

பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி அழத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. அவளைப் பார்த்து இன்னும் இருவர். உதவியாளர் ஒரு கணம் அதைப் பயிற்சியின் வெற்றியாக நினைத்தது முகத்தில் தெரிந்தது. எனக்கும் அந்த ஒரு கணம், காட்சி இனி உயிர் பெறும் என்று தோன்றியது. அதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதியாக வேண்டும். பிள்ளையின் கண்ணீரைக் கண்டு நாடகம் நன்றாக வரப்போகிறது என்று நினைக்கும் கணம் பயிற்றுவிப்பவருக்கு வரும். வருகிறது என்று தெரிந்திருந்தால்தான் அதைத் தடுக்க முடியும்.

உடனே நிறுத்தினோம். எல்லாரையும் எழுப்பி, கண்ணைத் திறக்கவைத்து, சங்கீத ஆசிரியை கைதட்டு விளையாட்டுக்கு மாற்றினார். நான் அந்தப் பிள்ளையை முற்றத்தின் ஓரத்தில், மற்றவர்களின் கண் பார்வையிலேயே இருத்தி, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் இருந்தேன். என்ன நினைத்தாய் என்று கேட்கவில்லை. அவளாகவே, "அம்மா கட்டாரில், போன் எடுக்கவில்லை" என்றாள். அன்று மாலை அம்மம்மாவைச் சந்தித்து நடந்ததைச் சொன்னேன், எங்கள் பிழை என்றும் சொன்னேன். அவர் போனில் மகளைப் பிடித்துக் கொடுத்தார்.

அண்ணாவியார் எங்கள் பயிற்சியைத் திண்ணையில் இருந்து பார்த்திருந்தார். "ஏன் அழவைக்கிறீர்கள்? கூத்தில் அழுகிறவன் அழுவதில்லையே, பாடுகிறான்" என்றார். பல வருடம் அரங்கியல் கற்பித்த எனக்கு அந்தச் சொல் புதிதாக இருந்தது. கூத்தில் துயரத்துக்கு ஒரு மெட்டு இருக்கிறது, ஓர் அடி இருக்கிறது, பிற்பாட்டுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆடுகிறவன் தன் சொந்தத் துயரத்தைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. மெட்டு அதைத் தாங்கிக்கொள்ளும், பாடி முடிந்ததும் அவன் அதிலிருந்து இறங்கிவிடலாம். வளர்ந்தவர்களுக்கென்று உருவான சில நடிப்புப் பயிற்சிகளில் இறங்குவதற்குப் படி இல்லை. அவற்றைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகக் கூடாது. பிள்ளையின் சொந்த வாழ்க்கையைக் கேட்கும் எந்தப் பயிற்சியும் இனி இல்லை என்று அன்று விதி செய்தோம்.

காட்சியை வேறு விதமாகச் செய்தோம். நான்கு பிள்ளைகள் ஒரு வெள்ளைச் சேலையை முனை பிடித்து வட்டத்தைச் சுற்றி மெதுவாக நடந்து வருவார்கள், மற்றவர்கள் இருந்து பாடுவார்கள், சேலை நிலத்தில் இறங்கும். அவ்வளவுதான். பார்த்தவர்கள் அழுதார்கள், பிள்ளைகள் தாளம் பிசகாமல் நடந்தார்கள்.

அந்தப் பிள்ளை அடுத்த சனிக்கிழமை வந்தாள். தாய் வேடத்தை அவளுக்குக் கொடுக்கலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. அது ஆறுதலாக இருக்கும் என்றார் ஒருவர். அதை நாங்கள் தீர்மானிக்கக் கூடாது என்று நின்றேன். என்னவாக வர விருப்பம் என்று கேட்டபோது, "மான்" என்றாள். எங்கள் கதையில் மான் இல்லை. சேர்த்தோம்.

தாய் கேட்டாரா?

வட்டத்தில் எல்லாரும் முழுக் கதையையும் பழகத் தொடங்கியதில் ஒரு பலன் வந்தது. பிள்ளைகள் கதையைக் கேள்வி கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த ஏட்டில் தாய்க்கு ஒரே ஒரு தரு. பத்து வயதுச் சிறுவன் கேட்டான்: "மலை வேண்டும் என்று அம்மா கேட்டாரா, ரீச்சர்? இல்லை, இராவணனே நினைத்துக்கொண்டானா?"

அந்தக் கேள்வியை வைத்து இரண்டு சனிக்கிழமை விளையாடினோம். மலையைத் தூக்கப் போகும் மகனை வழியில் மறித்துத் தாய் பாடும் இரண்டு வரிகளை அவர்களே கட்டினார்கள். சங்கீத ஆசிரியை ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்:

மலையை எனக்கேன் மகனே – நீ
மடியில் வந்து இரு மகனே

இராவணன் கேட்காமல் போகிறான். தாயின் பக்கத்தில் மான் நிற்கிறது. ஏட்டில் நான் எழுதிய நாற்பது வரிகள் வெட்டப்பட்டன. வெட்டுவதற்கு எனக்கு மனம் வர இரண்டு நாள் ஆனது.

இழந்த ஒருத்தி

முதலில் இராவணனாக இருந்த பிள்ளை ஒரு நடன வகுப்பில் பல வருடம் பழகியவள். அரைமண்டியும் அடவும் கைவந்தவள் என்பதால் அவளைத் தேர்ந்தோம். புதிய முறைக்கு மாறியபோது அந்த வேடத்தை மூன்றாகப் பிரித்தோம். மலைக்கு வரும் இராவணன், வாளோங்கும் இராவணன், நீர் எடுக்கும் இராவணன். முடியை ஒருவர் தலையிலிருந்து எடுத்து அடுத்தவர் தலையில் வட்டத்தின் முன்னாலேயே வைப்போம். பார்ப்பதற்கும் அழகாக இருந்தது.

அவளிடம் நாங்கள் கேட்கவில்லை. மண்டபத்தில் எல்லாருக்கும் அறிவிக்கும்போதுதான் அவளும் கேட்டாள். அன்று முழு நேரமும் நன்றாக ஆடினாள். அடுத்த கிழமை வரவில்லை. தாயார் தொலைபேசியில், "கொடுத்ததைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டார். மற்றப் பிள்ளைகளின் பக்கம் நின்று நான் விளக்கம் சொன்னேன். விளக்கம் சரியானதுதான், ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல. மூலையில் இருந்தவர்களை நடுவே கொண்டுவரும் அவசரத்தில், நடுவே இருந்த ஒருத்தியைச் சொல்லாமல் தள்ளிவிட்டோம். தனியே அழைத்து, ஏன் மாற்றுகிறோம் என்று சொல்லி, மூன்றில் எது உனக்கு என்று அவளையே கேட்டிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்று நம்புகிறேன். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளை சிரித்தாள், திரும்பி வரவில்லை. 31ஆக இருந்த எண்ணிக்கை 30 ஆனது.

இரண்டு அரங்கேற்றங்கள்

அரங்கேற்றத்தை இரவில் வைத்திருந்தோம். கூத்து என்றால் இரவு என்று யோசிக்காமல் போட்ட திட்டம். எட்டரை மணிக்கு முடிந்தால் கிண்ணியாப் பிள்ளைகளும் மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் எப்படி வீடு போவார்கள் என்று ஒரு பெற்றோர் கேட்ட பிறகுதான் விழித்தோம். நான்கு மணிக்கு மாற்றினோம். வேம்பின் கீழ் வட்டக்களரி, சுற்றிலும் பாய். பார்வையாளர் நாலு பக்கமும் இருந்ததால் நடுவர் மேசையைப் பார்த்துப் பேச ஒரு திசையே இருக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினார்கள். ஆட்டம் நேர்த்தியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கிணறுகள் ஒருமுறை தாளம் தவறின. இரண்டாம் இராவணன் வரியை மறந்தபோது வட்டம் முழுவதும் அதைப் பிற்பாட்டாக எடுத்துக் கொடுத்தது. அது மறதி என்று வந்திருந்தவர்களில் பலருக்குத் தெரியாது.

அரங்கேற்றத்துக்குப் பின் வீடு வீடாக ஆடும் வழக்கத்தை அண்ணாவியார் நினைவூட்டினார். இரண்டு கிழமை கழித்து ஒரு காலையில் கிண்ணியாவில், முதலில் சொன்ன அந்தத் தந்தையின் முற்றத்தில் ஆடினோம். கூத்தின் தொடக்கத்தில் பாடும் காப்பு விருத்தம் பிள்ளையாருக்கானது. முஸ்லிம் பிள்ளைகளும் இருந்ததால், விரும்பாத பிள்ளை பாடாமல் நிற்கலாம் என்று தொடக்கத்திலேயே எல்லா வீட்டாருக்கும் சொல்லியிருந்தோம். அன்று அண்ணாவியார் அதைத் தன் வீட்டிலேயே, புறப்படும்போது பாடிவிட்டு வந்திருந்தார். முற்றத்தில் நேரே கட்டியகாரன் வரவோடு தொடங்கினார். சுவருக்கு மேலால் பார்த்த அயல் பிள்ளைகள் பாதியில் உள்ளே வந்து பிற்பாட்டுக்காரரோடு இருந்துகொண்டார்கள். மானைக் கண்டதும் சின்னவர்கள் கையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினார்கள். மான் கழுத்தை முதலில் திருப்பி, உடம்பைப் பிறகு திருப்பி, வாங்கிக்கொண்டது.

அந்த வீட்டுப் பிள்ளை ஆடவில்லை. ஆட்டத்தில் தனக்கு விருப்பமில்லை என்று திரும்பி வந்த நாளிலேயே சொல்லியிருந்தாள். வட்டத்தில் அண்ணாவியாருக்குப் பக்கத்தில் இருந்துகொள்வாள். அவர் முதலில் சல்லரியை, கூத்தின் கைத்தாளத்தை, கொடுத்தார். பல கிழமை பிந்தியே தட்டினாள், அவர் திருத்திக்கொண்டே இருந்தார். அரங்கேற்றத்தன்று சல்லரி அவள் கையில்தான் இருந்தது, இரண்டு இடத்தில் மட்டும் பிந்தியது.

பயிற்சி முடிந்துவிட்டது. இருந்தும் சனிக்கிழமைகளில் ஏழு பேர் வருகிறார்கள், நாங்களும் போகிறோம். போன கிழமை அவள் மத்தளத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். அண்ணாவியாரின் ஊரில் பெண்கள் கூத்தும் ஆடியதில்லை, மத்தளமும் தொட்டதில்லை. பெண் வேடமும் ஆண்களே கட்டிய களரி அவருடையது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவளுடைய கையை வாங்கி, விரல்களை விரித்து அளந்து பார்த்தார். "இது உனக்குப் பெரிது. வீட்டில் சின்னது ஒன்று இருக்கிறது, வார் தளர்ந்து கிடக்கிறது. கட்டிக்கொண்டு வருகிறேன்" என்றார்.